தங்கப் பல்லும் இனிப்பு நீரும்

நீலம் என்றால் நல்லது. பச்சை என்றால் கொஞ்சம் சந்தேகம். மஞ்சள் என்றால் ஆளைக் கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டும். ஆரஞ்சு என்றால் அவர் மனைவியையும் கூப்பிட வேண்டும். செங்கல் நிறம் என்றால் யாரையும் கூப்பிடத் தேவையில்லை. அவர்களே ஏதோ தெரிந்துகொண்டுதான் வந்திருப்பார்கள்.

என் வயதில் ஐந்து வருஷம் இந்த ஐந்து நிறங்களுக்கு நடுவில் போயிற்று. கோலாலம்பூரில், செங்கல் சூளைகளால் பெயர் வாங்கிய பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே வீடுகளுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு மருந்தகம். அதில் கிழக்கு ஜன்னலோரம் ஒரு மேசை, மேசை மேல் ஒரு ஸ்பிரிட் விளக்கு. கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, எட்டுச் சொட்டு மூத்திரம் விட்டு, கொதிக்க வைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நிறத்தைச் சொல்ல வேண்டும். உத்தியோகம் அவ்வளவுதான். அதற்கு முன்பு நான் பார்சல் ஆபீசில் இருந்தேன். அதற்கும் முன்பு ஒரு துணிக்கடையில். ஓரிடத்தில் நிற்கத் தெரியாத கால் எனக்கு. ஆனால் நீலம் கொதிக்கக் கொதிக்கப் பச்சைக்கு நகரும் அந்த அரை நிமிஷம், மழைக்கு முன்னால் கிள்ளான் ஆற்றின் மேல் வானம் நிறம் மாறுவதைப் போல இருக்கும். அதைப் பார்ப்பதற்காகவே நின்றேன் என்று சொன்னால் அப்போதே யாரும் நம்பவில்லை.

நிறத்தைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அதை எழுதிக்கொள்ளும் டிரசருக்குக் காது மந்தம். காடு வெட்டித் தண்டவாளம் போட்ட இடங்களில் காய்ச்சலுக்குக் கொயினா தின்று தின்று போன காது. மருத்துவமனையில் பழகி, கட்டுப் போடவும் மருந்து கலக்கவும் டாக்டர் இல்லாத நாளில் டாக்டராக இருக்கவும் கற்றவர். ஊர் நாகப்பட்டினம். என்னைவிட மூன்று வயது இளையவர், என்னை அண்ணே என்பார். நான் "ஆரஞ்சு" என்று கத்தினால் அவர் எழுதிக்கொள்வார். வெளியே பெஞ்சில் இருக்கும் இருபது பேரும் தெரிந்துகொள்வார்கள். அந்த மருந்தகத்தில் ரகசியம் என்று எதுவும் இருந்ததில்லை.

ரப்பர் விலை விழுந்திருந்த காலம். தோட்டங்களிலிருந்து ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ரயில்வேயிலும் ஆள் குறைத்தார்கள். கப்பல் என்ற சொல்லை வீட்டுக்குள்ளேயே குரல் தாழ்த்திச் சொன்ன காலம் அது. உடம்பு சரியில்லை என்று டாக்டர் எழுதியவர்கள்தான் பட்டியலில் முதலில் வருவார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். எழுதி வைத்த சட்டம் எதையும் நான் பார்த்ததில்லை. ஆனால் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

என் அக்காவின் கணவர் அப்போது பயர்மேன். கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் வழியாகத் துறைமுகம் வரை போகும் வண்டியில் கரி அள்ளிப் போடுகிறவர். பதினொரு வருஷம் போட்டிருந்தார். டிரைவர் இடம் ஒன்று காலியாக இருந்தது. அதற்கு அவர் பெயர் போயிருந்தது. மூன்று மாதத்தில் டாக்டர் சோதனை. தேறினால் டிரைவர். தேறாவிட்டால் பயர்மேனாகவே இருந்துவிடலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம், அந்த வருஷம் தேறாதவனுக்கு இருந்தது கப்பல்தான். அவர்களுக்கு மூன்று பெண் பிள்ளைகள். மூன்றும் இங்கே பிறந்தவை. கப்பல் போகும் ஊரில் அவர்களுக்கு ஒரு தெருவின் பெயர்கூடத் தெரியாது.

அத்தானின் வாயில் நான்கு தங்கப் பற்கள் இருந்தன. அதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அந்தக் காலத்து ரயில்வே ஆட்களுக்குத் தங்கப் பல் என்பது தோளில் குத்தும் பட்டை மாதிரி. சாயம் போட்ட சட்டை எல்லோரிடமும் இருந்தது, கடிகாரம் சிலரிடம் இருந்தது. வாயைத் திறந்ததும் மின்னினால்தான் ஆள் எஞ்சினில் ஏறுகிறவன் என்று அர்த்தம். அத்தான் கரி அள்ளுகிறவராக ஏறிய வருஷம், அக்காவின் ஜிமிக்கியில் ஒன்று பத்துமலைத் தைப்பூசக் கூட்டத்தில் தொலைந்தது. மிஞ்சிய ஒற்றை ஜிமிக்கியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று வீட்டில் மூன்று நாள் பேசினார்கள். நான்காம் நாள் அத்தான் அதைக் கிள்ளானுக்கு எடுத்துப் போய், பாலத்துக்குப் பக்கத்தில் இருந்த சீனப் பல்காரரிடம் கொடுத்து, முன்பல் நான்குக்கும் தகடாக அடித்து மூடிக்கொண்டு வந்தார். அவர் சிரிக்கும்போதெல்லாம் அக்கா தன் நகையைப் பார்த்துக்கொண்டாள்.

மூடுவதற்கு முன்பு அந்தப் பற்கள் எப்படி இருந்தன என்று யாரும் கேட்கவில்லை. அவை ஆடின, ஈறு வீங்கியிருந்தது, வேப்பங்குச்சியால் தேய்த்தால் ரத்தம் வந்தது. அதனால்தான் மூடினார். சுவரில் விரிசல் விட்டால் நாள்காட்டி மாட்டுவதில்லையா, அப்படி. வருஷா வருஷம் ரயில்வே டாக்டர் வாயைத் திறக்கச் சொல்வார், தங்கத்தைப் பார்ப்பார், 'பற்கள் நன்று' என்று எழுதுவார்.

சோதனைக்கு மூன்று மாதம் இருக்கும்போது அத்தானின் முழங்காலுக்குக் கீழே ஏற்கெனவே ஒரு புண் இருந்தது. எஞ்சினிலிருந்து தெறித்த கங்கு. அது போன்ற புண் பயர்மேனுக்கு வாரம் ஒன்று வரும், வாரத்தில் ஆறும். இது எட்டு வாரமாக ஆறவில்லை. அதோடு தாகம். செந்தூல் பட்டறையிலிருந்து கிள்ளான் போவதற்குள் தண்ணீர் போத்தலை இரண்டு முறை நிரப்புகிறார் என்று அவரோடு ஓடிய டிரைவர் சொன்னார். அத்தான் பேசும்போது காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து நிற்பது எங்கள் வீட்டில் வழக்கமாகியிருந்தது. யாரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. எல்லோரும் இரண்டடி நகர்ந்து நின்றோம்.

புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொள்ள மருந்தகத்துக்கு வந்த அத்தானிடம் நான்தான் பாட்டிலைக் கொடுத்தேன். சோயாச் சாறு வந்த கிச்சாப் பாட்டில், கழுவியது. நீல மருந்தில் எட்டுச் சொட்டு விட்டேன். பச்சையில் நிற்கவில்லை. மஞ்சளில் நிற்கவில்லை. நான் விளக்கை அணைத்த பிறகும் அது போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் குழாயின் அடியில் பிரிக்பீல்ட்ஸ் படிந்திருந்தது.

அன்றைக்கு மட்டும் நிறத்தைக் கத்தவில்லை. டிரசரின் மேசைக்குப் போய்க் குழாயைக் காட்டினேன். அவர் குழாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அத்தானைப் பார்த்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "செங்கல்" என்றார். செவிடர்களுக்குத் தங்கள் குரலின் உயரம் தெரியாது.

பெஞ்சில் இருந்த, தண்டவாளம் மாற்றிவிடும் மலாய்க்கார பாயிண்ட்ஸ்மேன் ஒருவர், கென்சிங் மானிஸ் என்று தலையை ஆட்டினார். நாங்கள் சொல்லும் இனிப்பு நீர்தான். எந்தப் பாஷையிலும் அந்த வியாதிக்குப் பலகாரக் கடைப் பெயர்தான் வைத்திருக்கிறார்கள்.

டிரசருக்கு ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. அரசாங்கம் கொடுத்ததல்ல, சொந்தமாக வைத்திருந்தது. செங்கலோ ஆரஞ்சோ வந்தவர்களின் பெயருக்கு எதிரே, அவர்கள் உடம்பில் வேறு எங்கே சீழ் இருக்கிறது, எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டு எழுதுவார். காது வடிகிறவர், காலில் வருஷக்கணக்காகப் புண் உள்ளவர், முதுகில் ராஜபிளவை வந்தவர், ஈறு அழுகியவர். செவ்வாய்க்கிழமைதோறும் வரும் வெள்ளைக்கார டாக்டருக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. ரத்தத்தில் இனிப்பு ஏறினால் புண் ஆறாது, சீழ் பிடிக்கும், இது எல்லோருக்கும் தெரிந்த பாடம் என்று அவர் சொல்லிவிட்டார். டிரசர் அதை மறுக்கவில்லை. ஆனால் எழுதுவதையும் நிறுத்தவில்லை. அவருக்கு இருந்த தொந்தரவு தேதிகள். சில பேருக்குச் சீழ் வந்த வருஷம் முந்தியது, இனிப்பு வந்த வருஷம் பிந்தியது. இவர்களில் சிலரை நீலமாக இருந்த நாளிலிருந்து அவருக்குத் தெரியும்.

கட்டை அவிழ்த்துக்கொண்டே அவர் அத்தானிடம் சொன்னது இது:

"உடம்புக்குள்ள ஒரு மூலையில வருஷக்கணக்கா சீழ் இருந்தா, உடம்பு சும்மா இருக்காதுண்ணே. சண்டை போட்டுக்கிட்டே இருக்கும். நாள் பூரா சண்டை நடக்கிற வீட்டுல அடுப்பை யாரு பார்ப்பா? சோறு குழையும், இல்ல தீயும். சீனியும் அப்படித்தான் கணக்கில்லாம போவுது. அப்படின்னு நான் நினைக்கிறேன். டாக்டர் நினைக்கல."

"எனக்குக் கால்ல மட்டுந்தான் புண்ணு. அதுவும் ரெண்டு மாசமாத்தான்," என்றார் அத்தான்.

டிரசர் வாயைத் திறக்கச் சொன்னார். அத்தான் பெருமையாகவே திறந்தார். டிரசர் ஒரு தீக்குச்சியின் பின்பக்கத்தால் தங்கத்துக்கு மேலே ஈற்றை மெதுவாக அழுத்தினார். தங்க விளிம்புக்குக் கீழிருந்து மஞ்சளாக ஒரு சொட்டு வந்து நின்றது. அடுத்த பல்லிலும் அழுத்தினார். அங்கேயும் வந்தது. நான்கிலும் வந்தது. பிறகு பக்கத்துப் பற்களைத் தட்டிப் பார்த்தார். அவை ஹார்மோனியக் கட்டைகளைப் போல உள்ளே போய் வெளியே வந்தன.

பதினொரு வருஷமாக அந்த ஜிமிக்கிக்குக் கீழே ஒரு குளம் இருந்திருக்கிறது. நாங்கள் அதன் மேற்பரப்பின் மினுமினுப்பைப் பார்த்து அவருக்குப் பெண் கொடுத்தது சரிதான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

எல்லாவற்றையும் பிடுங்கச் சொன்னார் டிரசர். தங்கம் போட்ட நான்கும், ஆடுகிற ஏழும். அதோடு சோற்றைக் குறைக்க வேண்டும், சீனியை விட வேண்டும். ஊசி மருந்து வந்துவிட்டதே என்று நான் கேட்டேன். வந்திருக்கிறது, ஆனால் தினமும் ஊசி போட்டுக்கொள்கிறவனை எஞ்சினில் ஏற்ற மாட்டார்கள் என்றார். பல்லைப் பிடுங்கினால் இனிப்பு போய்விடுமா என்று அத்தான் கேட்டார். டிரசர் போகும் என்றும் சொல்லவில்லை, போகாது என்றும் சொல்லவில்லை. அத்தானின் அப்பாவுக்கு இந்த வியாதி இருந்ததா என்று கேட்டார். ஒரு கால் விரல்கள் இல்லாமல்தான் அவர் செத்தார் என்றார் அத்தான். டிரசர் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார். சீழ் பிடித்த எல்லோருக்கும் இனிப்பு வருவதில்லை, யாருக்கு வாசல் ஏற்கெனவே திறந்திருக்கிறதோ அங்கே அது சீக்கிரம் நுழைகிறது என்றார்.

அத்தான் பல்லைப் பிடுங்க மறுத்துவிட்டார். சீனியை மட்டும் விட்டார்.

மூன்று வாரம் அவர் சீனி தொடவில்லை. தேநீரில்கூடப் போடவில்லை. அந்த மூன்று வாரமும் குழாயில் செங்கல் அசையவில்லை. எனக்குப் புரியவே இல்லை. ஒரு நாள் மத்தியானம் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் மலபார் முஸ்லிம் ஒருவர் நடத்திய காக்கா கடையில் அவர் தேநீர் குடிப்பதைப் பார்த்தேன். கடைக்காரர் கிளாஸின் கால்வாசிக்கு டின் பாலை ஊற்றி, அதன் மேல் தேநீரை ஊற்றினார். அடியில் வெள்ளையாக ஒரு விரல் உயரத்துக்கு நின்றது. அத்தான் அதைக் கரண்டியால் கலக்கி, கடைசியில் அடியை வழித்தும் சாப்பிட்டார். ஒரு நாளைக்கு ஆறு கிளாஸ் என்று தெரிந்தது. இது சீனி இல்லையா என்று கேட்டேன்.

"இது பாலு மச்சான்," என்றார். "நோயாளிக்குப் பால் குடுக்கச் சொல்லுவாங்கல்ல."

டின்னில் மாட்டுப் படம் போட்டிருந்தது. அவர் பேச்சில் குற்றம் சொல்ல முடியவில்லை. இந்த ஊரில் பாதிப் பேர் அந்த மாட்டை நம்பித்தான் சீனியை விட்டார்கள்.

சோதனைக்கு இன்னும் ஒன்பது வாரம் இருந்தபோது அக்கா மருந்தகத்துக்கு வந்தாள். அவள் அங்கே வருகிறவளே அல்ல. பெஞ்சில் ஆள் இல்லாத மத்தியான நேரமாகப் பார்த்து வந்திருந்தாள். சேலைத் தலைப்பிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மேசை மேல் வைத்தாள். வெந்நீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, புதிய தக்கை போட்ட பாட்டில். கல்யாண வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாம், அவ்வளவு சுத்தம்.

"தம்பி, நீ நல்லாத்தானே இருக்கே?" என்றாள்.

"நல்லாத்தான் இருக்கேன்."

"உன்னோடது நீலந்தானே?"

நீலம்தான். வேலையில்லாத நாளில் என்னுடையதையும் கொதிக்க வைத்துப் பார்த்திருக்கிறேன்.

"பாட்டில்ல பேர் ஒட்டுறது நீ. கொதிக்க வைக்கிறது நீ. சத்தம் போடுறதும் நீ. நடுவுல யாரு பார்க்கப் போறா? மூணு புள்ளைங்களோட நான் கப்பல்ல போய் அங்க எந்த வீட்டுக் கதவைத் தட்டுறது?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது புத்தி சொல்லியிருப்பேன். பாட்டிலை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். செய்கிறேன் என்றேன். இதை இங்கே எழுதுவதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. சொந்த அக்கா கேட்டு நான் கொடுத்த ஒரே சொத்து அதுவாகத்தான் இருந்திருக்கும்.

அவள் செய்த தப்பு, அன்றைக்கே அதை அத்தானிடம் சொன்னது. நானும் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பாரம் குறைந்த சந்தோஷத்தில், தம்பி பார்த்துக்கிறேன்னு சொல்லிட்டான், பல்லைப் பிடுங்க வேணாம், என்று அவள் ரசம் ஊற்றிக்கொண்டே சொல்லிவிட்டாள். அத்தான் சோற்றிலிருந்து கையை எடுத்தார்.

"உன் மூத்திரத்துல நான் எஞ்சின் ஓட்டணுமா மச்சான்?"

நான் வெண்டைக்காயைப் பார்த்தேன்.

"உன்னைக் குறைவாச் சொல்லல. நல்ல மூத்திரமாத்தான் இருக்கும். ஆனா நாளைக்கு எங்கூடக் கரி போட வர்றவன் கேப்பான், எப்படிண்ணே பாஸ் பண்ணீங்கன்னு. நான் என்ன சொல்லட்டும்? மச்சான் மூத்திரத்துல பாஸ் பண்ணேன்னா?"

"யாரும் கேக்க மாட்டாங்க," என்றாள் அக்கா.

"நான் கேப்பேன்ல."

"பல்லு போயிருமே."

"போனா என் பல்லுதானே போவுது. என் வாயில இருந்தது. மச்சானோடது எதுவும் போவலயே."

பிறகு மறுபடி சோற்றில் கை வைத்தார். மிச்சத்தைச் சாப்பிட்டு முடித்தார். அக்கா அந்தப் பாட்டிலைத் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. நான் அதில் பிறகு மை ஊற்றி வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நானும் அவரும் கிள்ளானுக்குப் போனோம். ஓசிப் பாஸ். வழியெல்லாம் ரப்பர்க் காடு, பால் எடுக்க ஆளில்லாமல் சும்மா நின்றது. ஒவ்வொரு பாலத்தின் பெயரையும் அத்தான் சொல்லிக்கொண்டே வந்தார், அவர் கரி போட்ட பாதை. பற்கள் இருக்கும்போதே எல்லாப் பெயரையும் சொல்லிவிடலாம் என்று நினைத்தாரோ என்னவோ.

பல்காரர் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஊதா வெல்வெட்டில் வரிசையாகப் பற்கள். வெளியே பலகையில் ஒரு பெரிய வாய், சிவப்பு உதடு, எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தது. பல்காரருக்கு வயதாகியிருந்தது. அத்தானின் வாயைத் திறந்து பார்த்ததும் தன் வேலையை அடையாளம் கண்டுகொண்டார். பிடுங்க வேண்டும் என்றதும் முகம் கறுத்துவிட்டது. தங்கத்தை நகத்தால் தட்டிக் காட்டினார்.

"எமாஸ் மாசி பாகுஸ் லா," என்றார்.

தங்கம் இன்னும் நன்றாகத்தானே இருக்கிறது என்று அர்த்தம். உண்மைதான். தங்கத்துக்கு ஒரு குறையும் இல்லை. பதினொரு வருஷம் சீழில் நின்றும் ஒரு புள்ளி கறுக்கவில்லை. நான் சட்டைப் பையிலிருந்து டிரசரின் சீட்டை எடுத்துக் கொடுத்தேன். அதை அவரால் படிக்க முடியவில்லை. ஆனால் முத்திரை இருந்தது. முத்திரையைப் பார்த்துவிட்டு இடுக்கியை எடுத்தார்.

நான்கு தங்கப் பற்கள் கையாலேயே வந்துவிட்டன. வேரில் பிடிமானம் என்று எதுவும் இல்லை. அவற்றை அங்கே நிறுத்தி வைத்திருந்தது பழக்கம் மட்டும்தான். ஒவ்வொன்று வரும்போதும் அறையில் ஒரு வாடை எழுந்தது. பல்காரர் ஜன்னலைத் திறந்தார். பிறகு கதவையும் திறந்தார். மற்ற ஏழுக்கு இரண்டு ஞாயிறு ஆயிற்று. தகடுகளை உரித்துக் காகிதத்தில் சுருட்டிக் கொடுத்தார். திரும்பும் வண்டியில் அத்தான் வாயில் துணியை வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு பாலத்தின் பெயரும் சொல்லவில்லை.

முதல் ஞாயிறு தொட்டே கஞ்சி. கேழ்வரகு, பாகற்காய்ச் சாறு, குழைய வேகவைத்த கீரை. டின் பால் நின்றது. மாட்டின் மேல் இருந்த நம்பிக்கை அவருக்குக் கடைசி வரை போகவில்லை, ஆனால் பல்லைக் கொடுத்தவன் பாலையும் கொடுக்கலாம் என்று விட்டுவிட்டார். சனிக்கிழமைதோறும் நான் கொதிக்க வைத்தேன். முதல் சனி செங்கல். இரண்டாம் சனி செங்கல். மூன்றாவதில் ஆரஞ்சு. கத்தினேன். பெஞ்சில் இருந்த யாரோ நல்லது என்றார்கள். இரண்டு வாரம் ஆரஞ்சிலேயே உட்கார்ந்திருந்து, பிறகு மஞ்சளுக்கு இறங்கிற்று. கால் புண்ணின் விளிம்பு வெளுத்து, உள்ளே சிவந்து, ஒரு நாள் டிரசர் கட்டுத் துணி வேண்டாம் என்றார். ஏழாம் வாரம் பச்சை. பச்சை என்றால் வண்டி போகலாம் என்றுதானே அர்த்தம் என்று அத்தான் பொக்கை வாயால் சொல்லிப் பார்த்தார். டிரசர் சிரிக்கவில்லை. காதில் விழுந்ததா என்று தெரியாது.

எனக்குச் சந்தோஷத்தில் தலை கால் புரியவில்லை. சீழ் போனது, சீனி போனது, உங்கள் நோட்டுப் புத்தகம் ஜெயித்துவிட்டது என்று டிரசரின் காதருகே போய்க் கத்தினேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"பல்லையும் எடுத்தீங்க, பாலையும் நிறுத்தினீங்க. ரெண்டும் ஒரே வாரம். எதுக்கு மாலை போடுறது?"

"ரெண்டுக்கும் போடுங்க."

"அப்படிப் போட முடியாதுண்ணே," என்றார். முகத்தில் வருத்தம் தெரிந்தது. ஒரு ஆளுக்குக் குணமாவதில் ஒருவர் இவ்வளவு வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை.

அன்றைக்கு அவர் சொன்னதை நான் பல வருஷமாக யோசித்திருக்கிறேன். டாக்டரும் பொய் சொல்லவில்லை, டிரசரும் பொய் சொல்லவில்லை. இனிப்பு சீழை வளர்க்கிறது. சீழ் இனிப்பை ஏற்றுகிறது. ஒற்றைத் தண்டவாளத்தில் எந்தப் பக்கத்து வண்டி முதலில் வந்தது என்று இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கென்னவோ அங்கே இரட்டைத் தண்டவாளம் இருந்தது என்றும், இரண்டு பக்கமும் வண்டிகள் ஓடிக்கொண்டே இருந்தன என்றும் தோன்றுகிறது. ஆனால் நான் குழாய் கொதிக்க வைத்தவன் மட்டும்தான். என் பேச்சை எழுதிக்கொள்ள ஆளில்லை.

சோதனை நாள் வந்தது. பாட்டில் எதுவும் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஒவ்வொருவரையும் வரிசையாக நிறுத்தி, கையில் எனாமல் குவளையைக் கொடுத்து, ஒரு பியூன் பக்கத்தில் நின்று பார்க்க, அங்கேயே பிடித்துத் தரச் சொன்னார் டாக்டர். அக்கா கழுவிக் காயவைத்த பாட்டிலுக்கு அங்கே வேலையே இருந்திருக்காது. நான் அக்காவிடம் இதைச் சொல்லவில்லை.

அத்தானுடைய குவளை ஏழாவது. எட்டுச் சொட்டு. நீலம் கொஞ்சம் யோசித்தது. அடியில் கலங்கிற்று. பிறகு பச்சையாக வந்து நின்றது. நீலத்துக்கு நான் எவ்வளவு நேரம் காத்திருந்தேன் என்று தெரியாது. பச்சை பச்சையாகவே இருந்தது. டாக்டர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். டிரசரும் பார்த்துக்கொண்டிருந்தார். கதவுக்கு வெளியே அத்தான் கால்சட்டையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"பச்சை," என்று கத்தினேன்.

டாக்டர் எழுந்து வந்து குழாயை வாங்கி ஜன்னல் பக்கம் பிடித்தார். பிறகு அத்தானை உள்ளே கூப்பிட்டு வாயைத் திறக்கச் சொன்னார். பழைய காகிதத்தைப் பார்த்தார், பற்கள் நன்று என்று அவர் கையெழுத்திலேயே இருந்தது. மறுபடி வாயைப் பார்த்தார். டிரசர் தன் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தார். அந்த மூன்று மாதத்து நிறங்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக இருந்தன. டாக்டர் அதை நின்றுகொண்டே படித்தார், பிறகு உட்கார்ந்து படித்தார். விரலை விட்டு ஈற்றை அழுத்திப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. டிரசரிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். டிரசர் பதிலைக் கட்டிடமே அதிரும்படி சொன்னார். செங்கலாக இருந்தவன் ஐயா, என்பதுதான் அதில் எனக்குப் புரிந்தது. டாக்டர் கொஞ்ச நேரம் பேனாவைக் கையில் வைத்திருந்துவிட்டு, ஒரு வரி எழுதினார். நோட்டுப் புத்தகத்தை அவர் திருப்பிக் கொடுக்கவில்லை. படித்துவிட்டுத் தருகிறேன் என்று எடுத்துப் போனார்.

முடிவு நான்கு நாள் கழித்து ஆபீசிலிருந்து வந்தது. நான்தான் காகிதத்தை வாங்கிக்கொண்டு போனேன். அத்தான் காக்கா கடையில் இருந்தார். முன்னால் பால் இல்லாத கறுப்புத் தேநீர், அதைக் கஷாயம் குடிக்கிற முகத்தோடு குடித்துக்கொண்டிருந்தார். நான் எதிரில் உட்கார்ந்தேன். அவர் காகிதத்தைக் கேட்கவில்லை.

"கப்பலா?"

"இல்ல."

கிளாஸைக் கீழே வைத்தார். உடனே மறுபடி எடுத்துக்கொண்டார்.

"டிரைவரா?"

"டிரைவர்தான். லைன்ல இல்ல, செந்தூல் யார்டுல. சண்டிங் எஞ்சின். ஆறு மாசத்துக்கு ஒருக்கா டெஸ்ட்டுக்கு வரணும்."

பழுது பார்க்கும் பட்டறைக்கு வந்த பெட்டிகளை ஒரு தண்டவாளத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளிவிடும் எஞ்சின் அது. முந்நூறு கெஜம் முன்னால் போகும், முந்நூறு கெஜம் பின்னால் வரும். கிள்ளானுக்குப் போகாது. எந்த ஊருக்கும் போகாது. அது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

அத்தான் தேநீரைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார்.

"யார்டு எஞ்சினுக்கும் விசில் உண்டுல்ல மச்சான்?" என்றார்.

உண்டு என்றேன்.

"அப்ப வீட்டுல போய்ச் சொல்லு. நான் டிரைவர் சட்டைக்கு அளவு குடுத்துட்டு வரேன்."